வடிவு வராத புதன்கிழமைகள்

சேக்காடு, ஆவடி.
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை.

வடிவுக்கு,

லோகநாயகி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். அங்கே ஓசூரில் நீ, அசோக், உன் மருமகள், குழந்தை எல்லோரும் இருப்பீர்கள். நலமா என்று வழக்கப்படி கேட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. உன் நலத்தைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. படிக்காமல் கிழிக்காதே.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுத வைத்தது நீதான். என் நம்பரை உன் போனில் பிளாக் செய்து வைத்திருக்கிறாய். என் வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அடுத்த முறை கூப்பிட்டால் அந்த நம்பரும் போகவில்லை. அவர் சிரிக்கிறார். “நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுகினா என் நம்பரு இன்னா பண்ணுச்சு?” என்று கேட்கிறார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. பாக்டரியிலிருந்து ரிடையர் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

மாசி மாதம் என் தம்பி, உன் புருஷன் நாகேந்திரனின் வருஷத் திதிக்கு நீ வந்திருந்தாய். பருத்திப்பட்டில் உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டதால் திதியை என் வீட்டில் வைத்தோம். ஒரே சமையலறையில் நீ வாழைக்காய் நறுக்கினாய், நான் பருப்பு வேகவைத்தேன். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நீ என் மகள் ரேணுகாவிடம் கேட்டாய், ரேணுகா என்னிடம் கேட்டாள். பூந்தமல்லியிலிருந்து வந்த பிள்ளை, மாமாவுக்காக ஒரு நிமிஷம் உட்கார்ந்து அழக்கூட முடியாமல் நம் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எங்கள் தெருமுனையில் இருக்கும் சமுதாயக் கூடத்தில் பெண்களுக்கு முகாம் நடந்தது. நர்ஸ் ராஜகுமாரி வீடு வீடாக வந்து முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டாள். எனக்கு வயது தாண்டிவிட்டது, தேவையில்லை என்று சொல்லிவிட்டாள். நீ போய் வரிசையில் நின்றாய். உன்னை யாரும் இழுக்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். துணித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பரிசோதனை கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாய்.

அங்கே போன் நம்பர் கேட்டிருக்கிறார்கள். நீ என் நம்பரைச் சொல்லியிருக்கிறாய். அசோக் வாங்கிக் கொடுத்த போனின் நம்பர் உனக்குத் தெரியாது. என் தம்பி இருந்த காலத்தில் தினமும் அழுத்தி அழுத்தி இந்த ஒரு நம்பர்தான் உனக்கு மனப்பாடம். ஐந்து வருஷம் என்னோடு பேசாமல் இருந்தும் அது மறக்கவில்லை. போனில் என்னை அடைத்துவிட்டாய், மனசில் அடைக்கத் தெரியவில்லை.

அதனால் பங்குனிக் கடைசியில் ராஜகுமாரி என்னைக் கூப்பிட்டாள். உன் பரிசோதனை முடிவு சரியாக இல்லையாம். இதை மட்டும் வைத்து என்ன ஏது என்று சொல்ல முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் மேலே ஒரு பரிசோதனை செய்தால்தான் தெரியும் என்றாள். “பயப்பட வாணாம்னு சொல்லுங்கம்மா. ஆனா வராம மட்டும் இருந்துட வாணாம்” என்றாள். புதன்கிழமைதோறும் இதற்கென்று தனியாகப் பார்க்கிறார்களாம். தானே கூட வருவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

அசோக்கிடம் பேசினேன். அவன் என் நம்பரை அடைக்கவில்லை. அத்தை என்கிற மரியாதை அவனுக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அவன் ஆண்பிள்ளை. பெற்ற தாயின் உடம்பில் எந்த இடம் என்று அவனிடம் நான் எப்படிச் சொல்வேன்? அம்மாவுக்கு வயிற்றில் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். பார்க்கிறேன் அத்தை என்றான். இந்தக் கடிதத்தை உன் மருமகள் முதலில் பிரித்துவிடுவாளோ என்று இங்கேயும் இதற்கு மேல் விவரமாக எழுதவில்லை. உனக்குப் புரியும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அசோக்குக்கு ரேணுகா என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசியது. நேரம் வந்தபோது, சொந்தத்தில் கட்டினால் பிறக்கும் குழந்தைக்குக் குறை வரும் என்று டாக்டர் சொல்கிறார் என்றாய். முறைப்பெண்ணை விட்டுவிட்டு வெளியில் பெண் எடுத்தாய். டாக்டர் சொன்ன ஒரு வார்த்தைக்காக என்னை ஊர் நடுவில் தலைகுனிய வைத்தாய். சரி. இன்றைக்கும் ஒரு டாக்டர்தான் உன்னை வா என்கிறார். வேண்டியபோது டாக்டர் பேச்சு, வேண்டாதபோது தலையெழுத்து என்று வைத்துக்கொள்ளாதே.

புதன்கிழமை வந்து சேர். நான் கூட இருப்பது பிடிக்கவில்லை என்றால் நான் வரவில்லை. பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸை முன்னாலேயே நிறுத்தி இறக்கிவிடுகிறான். பார்த்து இறங்கு.

வேறு சேதி இல்லை.

இப்படிக்கு,
லோகநாயகி


சேக்காடு, ஆவடி.
வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

வடிவுக்கு,

லோகநாயகி மறுபடியும் எழுதுவது. இங்கே வெயில் தாங்கவில்லை. என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. உன்னிடமிருந்து பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதனால் வரவில்லை என்று வருத்தமும் இல்லை.

அசோக் போன் செய்தான். குரலில் ஒரே சந்தோஷம். “அத்த, அம்மாவுக்கு ஃபுல் செக்கப் பண்ணிட்டேன். சுகர், பிரஷர், ஈசிஜி, வயித்து ஸ்கேன், எல்லாமே நார்மல். நீங்க இனிமே கவலைய விடுங்க” என்றான். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாசல் கதவில் பூட்டு கெட்டுக்கிடக்கிறது என்று சொன்னால், ஜன்னலையெல்லாம் துடைத்து வைத்துவிட்டு வந்து நிற்கிறான் உன் பிள்ளை. அவன் மேல் கோபமில்லை. நான் சொன்னதிலும் தப்பில்லை. ஊசி குத்த, ஸ்கேன் எடுக்க என்று ஒவ்வொரு அறையாக உன்னை உட்கார வைத்தார்களே, இது அந்த டெஸ்ட் இல்லை என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ வாயைத் திறக்கவில்லை.

என் முதல் கடிதம் உன் கைக்கு வந்தது எனக்குத் தெரியும். உன் மருமகள் கிருஷ்ணப்பிரியாவும் ரேணுகாவும் அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். நம் சண்டை அவர்களுக்குக் கிடையாது. கடிதத்தைப் படித்துவிட்டு, “அண்ணி சாபம் உடுறாங்க. எனக்கு நோவு வரணும்னு வேண்டிக்கினு கீறாங்க” என்று சொன்னாயாம். வடிவு, சாபம் விடுகிறவள் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பமாட்டாள். இருந்த இடத்திலிருந்தே விடுவாள்.

ஆகையால் இந்த முறை மூடி எழுதப் போவதில்லை. யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். சுகாதார நிலையத்துக்குப் போய், ராஜகுமாரிக்கு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து எழுதுகிறேன்.

உனக்குச் சரியில்லை என்று வந்திருக்கும் இடம் கருப்பை வாய். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் அது தெரியாது. அன்றைக்கு முகாமில் சின்ன பிரஷ் மாதிரி ஒன்றால் எடுத்தார்களே, அதில் ஒரு வைரஸ் இருப்பதாக வந்திருக்கிறது. அங்கே இருக்கும் செல்களிலும் மாற்றம் தெரிகிறது. இதற்குப் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. நிறையப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு மாறிக்கொண்டே போகும். கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் புற்றுநோய் வராமலே தடுத்துவிடலாம். விட்டுவைத்தால் வரும். நீ இதில் எந்தப் பக்கம் என்று தெரிய, ஒரு மருந்தைத் தடவி, பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் அரிசி அளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். கொஞ்சம் வலிக்கும். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பார்ப்பது பெண் டாக்டர்.

எதிர்வீட்டு பேபிக்கும் அதே முகாமில் இதே மாதிரி வந்தது. போனாள், பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வருஷம் மறுபடி வா என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து அன்றைக்கே மீன் குழம்பு வைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

உன் விஷயம் பேபி விஷயம் மாதிரி இல்லை. ஏன் என்று உனக்கே தெரியும். திதிக்கு முந்தின நாள் பின்பக்கக் குழாயடியில் நீ துணி அலசியதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். உனக்கு நின்றுபோய் வருஷக்கணக்கில் ஆகிறது. நின்றவளுக்கு மறுபடி என்ன உதிரப்போக்கு? தெரிந்தால் தீட்டு என்று சொல்லித் திதிச் சமையலில் கை வைக்க விடமாட்டேன் என்று பயந்தாய். உண்மைதான், விட்டிருக்கமாட்டேன். அப்போதே ஏன் கேட்கவில்லை என்று நீ கேட்கலாம். நாம் பேசிக்கொள்வதில்லை. அதனால் கேட்கவில்லை.

அது உனக்கே பயமாக இருந்ததால்தான் திதி முடிந்த மறுநாள் யாரும் இழுக்காமலே வரிசையில் போய் நின்றாய். ஆனால் ராஜகுமாரி அதைக் குறிப்பாகக் கேட்டபோது இல்லை என்று தலையாட்டியிருக்கிறாய். நான் பார்த்ததைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டாள். “இத முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. இந்த வாரமே கூட்டிகினு வாங்க” என்றாள். முதல் தடவை பயப்பட வேண்டாம் என்று சொன்னவள், இந்தத் தடவை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன். சொல்லவில்லை.

ஒவ்வொரு புதன்கிழமை காலையிலும் ராஜகுமாரி என் வாசலில் வண்டியை நிறுத்தி, வந்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு வந்தவள் இப்படி ஓடி ஒளிகிறவள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் முகத்துக்கு நேராக நின்று, “பொண்ணு வாணாம் அண்ணி” என்று சொன்னாயே, அந்தத் தைரியம் எங்கே போயிற்று?

இப்படிக்கு,
லோகநாயகி


சேக்காடு, ஆவடி.
ஆனி மாதம், வியாழக்கிழமை.

வடிவுக்கு,

லோகநாயகி எழுதுவது. நேற்றும் ஒரு புதன்கிழமை போய்விட்டது.

நடந்ததை ரேணுகா சொன்னாள். கிருஷ்ணப்பிரியா அவளிடம் போனில் அழுதிருக்கிறாள். உன் சம்பந்தியம்மா சித்ரா பேரனைப் பார்க்க வந்தவர், என் கடிதத்தை எடுத்துப் படித்தாராம். படித்துவிட்டு, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, “இது நல்ல குடும்பத்துப் பொம்பளைங்களுக்கு வர்ற நோய் இல்லையே” என்று சொன்னாராம். அசோக் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். நீ பாதிச் சோற்றில் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்துவிட்டாயாம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்கிறாய் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்தவர் கடிதத்தை எடுத்துப் படிப்பது எந்த நல்ல குடும்பத்துப் பழக்கம் என்று அந்த அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தையும் படிப்பார் என்று தெரியும். அதனால் நேராகவே கேட்கிறேன்.

அவர் சொன்னதை ராஜகுமாரியிடம் அப்படியே சொன்னேன். அவளுக்கு இது புதிதில்லை. எத்தனையோ பெண்கள் இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே வராமல் போகிறார்கள் என்றாள். இந்த வைரஸ், கல்யாணமான முக்கால்வாசிப் பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது ஒரு தடவை வந்து போகுமாம். வந்ததே தெரியாதாம். ஒரே ஒருவனோடு வாழ்ந்தவளுக்கும் வரும். பத்து வருஷம், பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் உள்ளேயே இருந்துவிட்டு, பிறகு வேலையைக் காட்டும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இது அவள் சொன்னது.

இனிமேல் எழுதுவது நான் சொல்வது.

என் தம்பி இருபது வருஷம் லாரி ஓட்டினான். குஜராத் போவான், அஸ்ஸாம் போவான். போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். வெளியில் அவன் எப்படி இருந்தான் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசவும் வேண்டாம். ஆனால் யாராவது உன்னைப் பார்த்து வாயைத் திறந்தால், அவனிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடு. தயங்காதே. நம்பாவிட்டால் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டு. அவன் கூடப்பிறந்த அக்கா கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறாள் என்று சொல்.

அம்மா போனபோது அவன் நடக்கக்கூடத் தொடங்கவில்லை. நான்தான் இடுப்பில் வைத்து வளர்த்தேன். அவனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்ன யாரையும் நான் விட்டதில்லை. இந்த வரியை எழுத எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்கு இனிமேல் போக மானம் இல்லை. உனக்குப் போக உயிர் இருக்கிறது.

அசோக்கிடமும் பேசிவிட்டேன். இந்தத் தடவை எந்த இடம் என்று பெயரைச் சொல்லியே பேசினேன்.  “மொதல்லயே சொல்லியிருக்கலாமே அத்த” என்றான். முதலிலேயே நீ கேட்டிருக்கலாம் என்றேன். ரொம்ப உடைந்துபோய்விட்டான். மாமியாருக்கு முன்னால் பேசாமல் இருந்துவிட்டேனே என்றான். அதை உன் அம்மாவிடம் போய்ச் சொல், என்னிடம் சொல்லாதே என்று சொல்லி வைத்தேன். வரும் புதன்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டானாம். அவன் கிளம்பு என்றால் கிளம்பு.

என் வீட்டுக்கு வர உனக்குக் கூச்சமாக இருந்தால் பூந்தமல்லியிலேயே ரேணுகா வீட்டில் இறங்கிக்கொள். நீ வேண்டாம் என்று சொன்ன அதே பெண்தான். உனக்குத் தலையணைக்கு உறை மாற்றி வைத்திருக்கிறாள். எனக்கு இந்த மாதிரி மனசு கிடையாது. அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
லோகநாயகி


சேக்காடு, ஆவடி.
ஆடி மாதம், வியாழக்கிழமை.

வடிவுக்கு,

லோகநாயகி எழுதுவது. இதை அசோக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் உன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது படி. கிருஷ்ணப்பிரியாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

அசோக் லீவு போட்ட புதன்கிழமை நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். நான் வரமாட்டேன் என்று எழுதியிருந்தும் வந்தேன். தாழ்வாரத்தில் பெஞ்சு முழுக்கப் பெண்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. வழக்கமாக இப்படி உட்கார்ந்தால் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று பேச்சு வரும். அங்கே ஒரு சத்தம் இல்லை. நீ என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனாய். வெளியே வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு பக்கம் ராஜகுமாரி பிடித்தாள், இன்னொரு பக்கம் நான் பிடித்தேன். நீ என் கையை உதறவில்லை. அசோக் ஆட்டோ கொண்டுவரும் வரைக்கும் அப்படியே நின்றோம். உன் கை இவ்வளவு இளைத்துவிட்டது என்று பிடித்தபோதுதான் தெரிந்தது.

முடிவு வாங்க வரச்சொன்ன புதன்கிழமை, அதாவது நேற்று, நீ வரவில்லை. எல்லாம் முடிந்தது, இனிமேல் எதற்கு என்று அசோக்கிடம் சொன்னாயாம். நான் ராஜகுமாரியை அழைத்துக்கொண்டு போனேன். பேஷண்ட் எங்கே என்று டாக்டரம்மா கேட்டார். ஓசூரில் இருக்கிறாள் என்றேன். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு மூத்தவள் என்றேன். அதோடு விடவில்லை, அசோக்கைப் போனில் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். அசோக்குக்கு அப்போதே எல்லாம் தெரியும். உன்னிடம் சொல்ல முடியாமல் நேற்று ராத்திரி பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டான். “நீங்களே எழுதிக் குடுத்துடுங்க அத்த, என் வாயால வரல” என்று காலையில் கூடத்தில் உட்கார்ந்து அழுதான். அதனால் நான் சொல்கிறேன்.

வடிவு, அது புற்றுநோய்தான்.

ஆரம்பக் கட்டத்தைத் தாண்டியிருக்கிறது. எதுவரை போயிருக்கிறது என்று சரியாகத் தெரிய இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும். இப்போது பார்த்தவரையில் ரொம்பத் தூரம் போயிருக்காது என்று நினைக்கிறார். கதிர் சிகிச்சையும் அதோடு ஊசி மருந்தும் கொடுப்பார்களாம். குணமாகுமா என்று நேராகக் கேட்டேன். ஆகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இனி ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்றார். நிச்சயமாக ஆகும் என்று அவர் சொல்லவில்லை, அதனால் நானும் உன்னிடம் அப்படிச் சொல்லமாட்டேன்.

பங்குனியிலேயே வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். அந்தப் பேச்சு வேண்டாம், இனிமேல் ஆக வேண்டியதைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். யார் மேல் தப்பு என்று நான் நினைக்கிறேனா என்றால், உன் மேல்தான். என் மேலும் உண்டு என்று உனக்குத் தோன்றினால் நேரில் வந்து சொல். கேட்டுக்கொள்கிறேன்.

சிகிச்சைக்கு ஒரு மாதத்துக்கு மேல் தினமும் போய்வர வேண்டும். ஓசூரிலிருந்து அது நடக்காது. ரேணுகா வீடு மாடியில் இருக்கிறது, படி ஏறி இறங்க உன்னால் முடியாது. ஆகவே இங்கேதான் தங்க வேண்டும். முன் அறையைக் காலி செய்துவிட்டேன். குளியலறைக்குப் பக்கத்து அறை அது. என் வீட்டுக்காரரைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். “கட்டிலு போனா போவுது. நீங்க ரெண்டு பேரும் மூஞ்ச திருப்பிகினு கீறத தெனமும் எப்படிப் பாத்துகினு இருப்பேன்” என்கிறார். காதில் போட்டுக்கொள்ளாதே. உனக்காக எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருப்பவரும் அவர்தான். இந்தச் சிகிச்சையில் குமட்டும் என்று யாரோ சொன்னார்களாம்.

ஆடி மாதத்தில் எதையும் தொடங்கக் கூடாது என்று அங்கே யாராவது சொல்வார்கள். உடம்பில் இருப்பது மாதம் பார்த்து வளரவில்லை. இங்கே கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், காலையிலிருந்து மைக் செட் காதைப் பிளக்கிறது. நீ வருவதற்குள் அதுவும் முடிந்துவிடும்.

ரேணுகா விஷயத்தில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. உனக்கு உடம்பு சரியில்லை என்பதால் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. இந்த வீட்டில் நீ என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நானும் பேசமாட்டேன். சோறு வைப்பேன், சாப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூட வருவேன், பக்கத்தில் உட்காருவேன். வலித்தால் மட்டும் சொல்லிவிடு. அதைச் சொல்வது பேச்சில் சேராது.

கடிதத்தின் முடிவில் பெரியவர்கள் ஆசீர்வாதம் எழுதுவது வழக்கம். நான் உனக்கு இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதலாம் என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாலியோடு நூறு வருஷம் இரு என்று எழுத வழியில்லை. மூத்தவள் நான் இங்கே உட்கார்ந்திருக்க, இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை எனக்கு முன்னால் போய்விட்டான். என்னைக் கேட்காமல் போனான். அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

நீ அப்படிச் செய்யக் கூடாது. எனக்குப் பிறகுதான் நீ. இதுதான் என் ஆசீர்வாதம். அசோக்கோடு கிளம்பி வா.

இப்படிக்கு,
உன் அண்ணி,
லோகநாயகி